ஏழாவது சீனில் ஏன் கத்துகிறார்கள்?

அக்காவுக்குக் கண் எரிந்தது. ஒரே படத்தைப் பதினான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரியாது?

அது ஜன்னல் இல்லாத அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். மேஜைமேல் இரண்டு பெரிய திரை, கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து, திறக்காத சாப்பாட்டு டப்பா, ஒரு கீபோர்டு. அந்தக் கீபோர்டில் வெட்டுவதற்கான பொத்தானில் மட்டும் எழுத்து தேய்ந்து, கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது. அவள் எடிட்டர். மற்றவர்கள் எடுத்துவந்து கொட்டுகிற துண்டுகளை வெட்டி, ஒட்டி, படமாக்குவது அவள் வேலை. இந்தப் படத்தை எடுத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அதனால் அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் வரைக்கும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

தம்பி பின்னாலிருந்த சோபாவில் முழங்கையால் கண்ணை மூடிப் படுத்திருந்தான். சோபாவின் ஒரு கால் உடைந்து, அடியில் பழைய வசனத்தாள் கட்டு ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அது அவனுடைய முதல் படத்தின் வசனம்.

அந்த முதல் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் ஏன் இப்படிக் கிடக்கிறான் என்று உங்களுக்குப் புரியாது. அதுவும் கொலைப் படம்தான். வெளியான அன்றைக்கு முதல் ஆட்டம். இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று, "கொன்னது தோட்டக்காரன்தான்யா, எழுந்திருங்க, வீட்டுக்குப் போவோம்" என்று கத்தினான். தியேட்டரே கொல்லென்று சிரித்தது. கொன்றதும் தோட்டக்காரன்தான். தம்பி அப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் தன் படம் ஓடும்போது தியேட்டருக்குள் உட்கார்ந்ததே இல்லை.

அடுத்த படத்தில் கடைசி ஐந்து நிமிஷம் வரை கொலைகாரன் யாரென்று ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது என்று அன்றைக்கு மனசுக்குள் சபதம் போட்டவன், மூன்று வருஷமாக அதைக் காப்பாற்றிவந்தான். கொலைகாரனாக நடித்தவருக்கே கடைசி நாள் படப்பிடிப்பில்தான் விஷயம் தெரியும். அந்த மனிதர் தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே இரண்டு மாதம் உருகி உருகி நடித்திருந்தார்.

கதை இதுதான். ஒருத்தியின் புருஷன் காணாமல் போகிறான். அவன் மருந்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கடை கடையாக இறக்குகிறவன். அவள் தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். தினமும் சாயங்காலம் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய் மாமியாருக்கு மாத்திரை வாங்குகிறாள். கடைக்காரர் தங்கமான மனிதர். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறார், ஆறுதல் சொல்கிறார். காலாவதியான மாத்திரைகளைப் புது அட்டையில் அடைத்து விற்பவர் அவர்தான், அதைக் கண்டுபிடித்த புருஷனைக் கொன்றதும் அவர்தான் என்பது கடைசி ஐந்து நிமிஷத்தில் வரும்.

போன மாதம் இந்தப் படத்தை வெளியாட்கள் அறுபது பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். யாருக்கும் சினிமா சம்பந்தமில்லை. துணி வெளுக்கிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், பாங்கு குமாஸ்தாக்கள். இப்படிப் போட்டுக் காட்டும்போதெல்லாம் அக்கா திரையைப் பார்க்கமாட்டாள். பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு கூட்டத்தைப் பார்ப்பாள். யாருக்காவது அலுத்துப்போனால் முதலில் கை பாக்கெட்டுக்குப் போகும், பிறகு மடியில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சங்களை எண்ணுவாள். மின்மினி என்று பெயர் வைத்திருந்தாள்.

அன்றைக்கு ஏழாவது சீனிலேயே பத்தொன்பது மின்மினி.

ஏழாவது சீனில் பெரிதாக ஒன்றும் நடக்காது. புருஷனைக் காணவில்லை என்று அவன் படத்தோடு அச்சடித்த தாளை அவள் கடைக்குக் கொண்டுவருவாள். கடைக்காரர் அதை வாங்கி, கடைக் கண்ணாடியில் தன் கையாலேயே ஒட்டித் தருவார். நான்கு மூலையிலும் டேப், பிறகு கட்டைவிரலால் நீவிவிடுவார். இரண்டு நிமிஷம். "எதுக்குங்க இவ்வளவு நேரம் போஸ்டர் ஒட்டுறாங்க?" என்று ஒரு பாங்குக்காரர் கருத்துச் சீட்டில் எழுதியிருந்தார். கடைசி ஐந்து நிமிஷ ரகசியம் உடைந்தபோது கூட்டத்தில் பாதி எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

தயாரிப்பாளர் அம்மா அன்றைக்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம். அதுவும் இப்படின்னா, படத்தை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடுவேன்பா. அவர் ஒன்றரை மணிநேரமா வெட்டி, நடுவுல ரெண்டு சண்டை சேர்த்துக் குடுப்பார். உன் பேர் இருக்கும். படம் உன்னுதா இருக்காது" என்றார்.

அதன்பிறகு ஒரு மாதம் அக்காவும் தம்பியும் படத்தைக் குடைந்தார்கள். நீளத்தைக் குறைத்தார்கள். கடைக்காரர்மேல் யாருக்கும் சந்தேகமே வரக் கூடாது என்று இன்னும் நல்லவராக்கினார்கள். சவுண்டு பார்க்கும் அண்ணன் பக்கத்து அறையிலிருந்து வந்து, மழைச் சத்தம், ஷட்டர் சத்தம் என்று சேர்த்தார். எல்லோரும் அவரைக் காது என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு இடது காது கேட்காது என்பது அந்தக் கட்டடத்தின் பழைய வேடிக்கை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவது காட்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா பிரதி எடுத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை சரிபார்த்தார்கள்.

"வலது ஸ்பீக்கர்ல மழை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார் காது.

"உங்களுக்கு இருக்கறதே வலது காது ஒண்ணு. தூக்கலாத்தான் இருக்கும்" என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமல்.

"படம் எப்படிடா இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியலக்கா. எனக்கு இப்ப எதுவுமே தெரியல. அவ அழுதா எனக்கு அழுகை வரல. எத்தனை செகண்டு அழறான்னு எண்றேன்."

அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள்.

*

தியேட்டர் சின்னது. தொண்ணூறு இருக்கை. சிவப்பு மெத்தைகளில் பாதி வெளுத்திருந்தது. அறுபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். தயாரிப்பாளர் அம்மா நடுவில், நடைபாதையை ஒட்டின இருக்கையில். காது பின்னால். தம்பி வழக்கம்போல வெளியே வராந்தாவில், மூடிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். அங்கே சத்தம் மட்டும் மங்கலாகக் கேட்கும். அக்கா பக்கச் சுவரில் சாய்ந்து, நான்காவது வரிசைக்கு நேராக நின்றாள்.

நான்காவது வரிசை ஓரத்தில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். பெண் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் என்று பதிவுத்தாளில் இருந்தது. அம்மா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டதாக ஆரம்பத்திலேயே புலம்பிக்கொண்டிருந்தார்.

விளக்கணைந்தது. படம் ஓடியது. மூன்றாவது நிமிஷத்தில் மருந்துக்கடை முதன்முதலாக வந்தது.

"கீழ என்னடி எழுதியிருக்கு?" என்றார் அந்த அம்மா.

பெண் குனிந்து அம்மாவின் காதில் சொன்னாள். அக்காவுக்கும் கேட்டது.

"சீன் மூணு. மருந்துக்கடை. கொலைகாரன் முதல் தடவை வர்றான்."

அக்கா திரும்பித் திரையைப் பார்த்தாள். அடியில் அதே வெள்ளை எழுத்து.

அக்காவின் வேலைமுறை இப்படி. ஆயிரக்கணக்கான துண்டுகளில் எது எது என்று தெரியவேண்டுமே, அதற்காக ஒவ்வொரு துண்டின் அடியிலும் படத்தின்மேலேயே வெள்ளை எழுத்தில் ஓர் அடையாளம் போட்டுவைப்பாள். கதையில் இருக்கிற பெயர்கள் அவளுக்கு நினைவில் நிற்காது. ஆகவே யார் என்னவோ, அதையே எழுதுவாள். மாமியார். பாவப்பட்டவள். கொலைகாரன். வெளியே போகிற பிரதிக்கு முன்னால் அந்த எழுத்துகளை ஒரே அழுத்தில் மறைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அவள் அழுத்த மறந்திருந்தாள். அதன்பிறகு மூன்று பேர் இரண்டு மணிநேரம் கண்கொட்டாமல் பார்த்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. பதினான்கு மாதமாக அந்த எழுத்து அங்கேயே இருந்ததால், அவர்களுக்கு அது மூக்கு மாதிரி. எப்போதும் கண்ணெதிரே இருக்கும், கண்ணில் படாது.

மூன்று வருஷமாகத் தம்பி பூட்டிவைத்த ரகசியம், மூன்றாவது நிமிஷத்தில், திரையகலத்துக்கு எழுதிக் காட்டியாயிற்று.

அக்கா ஓடினாள். பின்படியில் ஏறி, படம் ஓட்டுகிற அறைக்குப் போனாள். ஆபரேட்டர் ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன, நிறுத்தணுமா?" என்றார்.

நிறுத்தலாம். நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, அறைக்குப் போய் வேறு பிரதி எடுத்து வர இரண்டு மணிநேரம் ஆகும். அதற்குள் ஆட்கள் போய்விடுவார்கள். தயாரிப்பாளர் அம்மாவின் பொறுமையும் போய்விடும். நிறுத்தாவிட்டால் தம்பியின் ரகசியம் போய்விடும், போய்விட்டது. சுவரிலிருந்த சதுரக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள், பழக்கத்தில்.

அவள் யோசித்து முடிப்பதற்குள் ஏழாவது சீன் தொடங்கியிருந்தது. பாவப்பட்டவள் காகிதக் கட்டை நீட்டுகிறாள். கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். கீழே எழுத்து: கொலைகாரன் போஸ்டர் ஒட்டுறான், இரண்டாவது டேக், நல்லா இருக்கு.

கீழே இருட்டாக இருந்தது. ஒரு மின்மினிகூட இல்லை.

டேப்பைப் பல்லால் கிழித்து முதல் மூலையில் ஒட்டினார். இரண்டாவது. மூன்றாவது. கொன்றவனின் கட்டைவிரல், செத்தவனின் நெற்றியை நீவியது. பாவப்பட்டவள் கைகூப்பி, "உங்கள மாதிரி ஒருத்தர் கூடப் பொறந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். போன மாதம் அந்த வசனத்துக்கு யாரோ கொட்டாவி விட்டார்கள். இன்றைக்குக் கீழேயிருந்து ஒரு குரல் பீறிட்டது.

"அவன் மூஞ்சியப் பாருடி, பாவி! மூஞ்சியப் பாரு!"

கண்ணாடியை மறந்துவந்த அந்த அம்மாதான். யாரும் 'உஷ்' சொல்லவில்லை. இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்.

ஆபரேட்டர் பன்னைக் கீழே வைத்தார். "நிறுத்தணுமா, வேண்டாமாக்கா?"

"ஓடட்டும்" என்றாள் அக்கா.

*

வராந்தாவில் தம்பி நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தான்.

"அக்கா, ஏழாவது சீன்ல ஏன் கத்துறாங்க? அங்க கத்தறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"நல்லாத்தான் போகுது."

"சிரிக்கிறாங்களா?"

"இல்லடா."

"பின்ன? தோட்டக்காரன் மாதிரி ஆயிடுச்சா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை, உண்மை சொல்லவும் தெம்பில்லை. "தண்ணி குடிடா" என்று பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு நடந்ததை அவள் தன் இருபது வருஷத் தொழிலில் பார்த்ததில்லை. மழைக்கு ஒதுங்கிப் பாவப்பட்டவள் தனியாக அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிற சீன். கடைக்காரர் பின்னறைக்கு மாத்திரை எடுக்கப் போகிறார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டுகிறாள், அவ்வளவுதான். நான்காம் வரிசைப் பெண் இருக்கையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எழுந்து போயிடேன், எழுந்து போயிடேன்" என்று ஒரு பஸ் டிரைவர் முணுமுணுத்தார், யாருக்கும் கேட்காத மாதிரி, சொந்தத் தங்கையிடம் சொல்வதுபோல. நடுவில், 'மாமியார் இருமல், இது வேண்டாம், போன டேக்தான் இருமல் மாதிரி இருக்கு' என்று கீழே எழுத்து வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலும் ஒரு பெருமூச்சு இருந்தது. கொஞ்சம் இளைப்பாற இடம் கிடைத்தால் மனிதர்கள் அப்படிச் சிரிப்பார்கள். அடுத்த நொடியே பாவப்பட்டவள் மறுபடி கடைக்குக் கிளம்பினாள், எல்லோரும் மறுபடி கல்லாய்ச் சமைந்தார்கள்.

கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தம்பி எப்போதும் உள்ளே வருவான். ரகசியம் உடைகிறபோது கூட்டம் 'ஆ' என்று வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய மூன்று வருஷ ஆசை. கதவைச் சத்தமில்லாமல் திறந்து பின்சுவரோரம் நின்றான். அவனுக்கு இப்போதும் எழுத்து கண்ணில் படவில்லை. பாவப்பட்டவள் மாத்திரை தேடிக் கடை மேஜையின் இழுப்பறையைத் திறக்கிறாள். அட்டைகளுக்கு நடுவில் புருஷனின் மூக்குக் கண்ணாடி. ஒரு பக்கம் நூல் சுற்றியிருக்கும். அவளே சுற்றிக்கொடுத்த நூல்.

ஒருவரும் 'ஆ' என்று சொல்லவில்லை. ஆச்சரியப்படவில்லை. தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு எங்கேயோ ஒரு விசும்பல்.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவின் தோளைப் பிடித்தான்.

"தெரிஞ்சிருக்குக்கா. எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஒருத்தர்கூட அசையல பாரு. மறுபடியும் கண்டுபிடிச்சிட்டாங்க."

"கண்டுபிடிக்கல" என்றாள் அக்கா. "நான்தான் சொல்லிட்டேன். கீழ பாரு."

அவன் பார்த்தான். முதலில் புரியவில்லை. பிறகு படித்தான். வாய்விட்டே படித்தான், ஒரு குழந்தை எழுத்துக்கூட்டிப் படிப்பது போல. "கொலைகாரன்... இழுப்பறை... கண்ணாடி."

அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அந்தக் கதவு தானாக மெல்லச் சாத்திக்கொள்ளும் கதவு. அதனால் அறைந்து சாத்தக்கூட அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

*

கூட்டம் கலைய வெகுநேரம் ஆயிற்று. படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். கருத்துச் சீட்டுகளைக் காது பொறுக்கி அடுக்கினார். ஒன்றில், 'படம் பிரமாதம், எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட்டா அம்மாவுக்குப் படிக்க வசதி' என்றிருந்தது.

தயாரிப்பாளர் அம்மா கைப்பையை மூடிக்கொண்டே அக்காவிடம் வந்தார்.

"லேபிள எடுக்க மறந்துட்ட."

"ஆமாம் மேடம். என் தப்புதான்."

"தப்புன்னு எனக்குத் தெரியாதா? பத்து நிமிஷத்துல எழுந்து போலாம்னு பார்த்தேன். அப்புறம் பக்கத்து சீட்டு ஆளு என் கைய இறுக்கிப் புடிச்சுட்டாரு. யாரு எவருன்னே தெரியாது. மன்னிப்புக் கேட்டாரு, மறுபடியும் புடிச்சாரு." மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "இன்னிக்கு ஓடின படம்தான் எனக்கு வேணும். எழுத்து இல்லாம. கொலைகாரன் யாருன்னு முதல் பத்து நிமிஷத்துல தெரியணும். திங்கக்கிழமை காலையில குடுங்க. தம்பி ஒத்துக்கலன்னா, நான் முன்னாடி சொன்னதுதான்."

"அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன் மேடம்."

"நான் சொன்னா முதலாளி சொன்னதா ஆயிடும். நீயே சொல்லு."

*

மத்தியானம் மூன்று மணி. தம்பி அறைக்கு வந்தபோது அக்கா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் நேராக வந்து சோபாவில் விழுந்தான். சோபா ஒருபக்கம் சாய்ந்தது. தெருவிலேயே சுற்றியிருப்பான் போலிருக்கிறது, சட்டை முதுகு நனைந்திருந்தது.

"நீ எப்ப பார்த்த?" என்று கேட்டான்.

"மூணாவது நிமிஷம்."

"நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தியிருக்கலாம்."

"ஏன் நிறுத்தல?"

"நிறுத்தத்தான் மேல ஓடினேன். அப்புறம் கீழ பார்த்தேன். யாரும் ஃபோன எடுக்கல. எனக்கு நிறுத்த மனசு வரல." கண்ணில் மருந்து விட்டுக்கொண்டாள். பாதி கன்னத்தில் வழிந்தது. "உன்னக் கேட்டிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்ப. அதனால கேட்கல. திட்டறதுன்னா திட்டிக்கோ."

அவன் திட்டவில்லை. அதற்குக்கூட அவனிடம் சக்தியில்லை.

"மூணு வருஷம்க்கா. ஒரு ஆள்கிட்ட வாயத் தொறக்கல. அம்மா எத்தனை தடவை கேட்டாங்க? யாருடா கொன்னது, எனக்கு மட்டும் சொல்லுடான்னு. அம்மாகிட்டகூடச் சொல்லல நான்."

அக்கா சொட்டு மருந்தின் மூடியைத் தேடத் தொடங்கினாள். மூடி அவள் கையிலேயே இருந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அக்கா."

"அம்மாவுக்கு நான் போன வருஷமே சொல்லிட்டேன்டா."

"அடிப்பாவி!"

"என்ன பண்ணச் சொல்ற? ஃபோனப் போட்டா அதே கேள்வி. சமைக்க விடல, தூங்க விடல. கடைக்காரன்தாம்மான்னு சொல்லித் தொலைச்சேன். உன்கிட்ட காட்டிக்காதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"அதான் அம்மா எங்கிட்ட கேட்கறத நிறுத்திட்டாங்களா? நான் என்னமோ, பெரியவங்க, புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைச்சேன்."

"உங்கிட்ட நிறுத்திட்டாங்க. எங்கிட்ட நிறுத்தல." அக்கா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "சொல்றதுக்கு முன்னாடி, யாருன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னதுக்கப்புறம் தினம் வேற கேட்கறாங்க. காலையில முதல் ஃபோன் அதான். 'அந்தப் பொண்ணு இன்னும் அவன்கிட்டதான் மருந்து வாங்கறாளா? வேற கடையே இல்லியா அந்த ஊர்ல? தனியா போறாளா, துணைக்கு யாராச்சும் இருக்காங்களா?' அது சினிமாம்மான்னா, 'தெரியும்டி, இன்னிக்குப் போனாளா இல்லியா, அதச் சொல்லு'ங்கறாங்க. ஒரு வருஷமாடா. ஒரு ஃபிரேம்கூடப் பார்க்கல அவங்க."

தம்பி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. சோபாவின் அடியிலிருந்த பழைய வசனத்தாள் கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதல் பக்கம் தரையில் தேய்ந்து கிழிந்திருந்தது.

"அன்னிக்கு அவன் கத்தினான்ல, தோட்டக்காரன்தான்னு" என்றான் கடைசியில். "அவன் கண்டுபிடிச்சதுதான் தப்புன்னு இவ்வளவு நாளா நினைச்சேன்."

"எழுந்து வீட்டுக்குப் போகலாம்னான்ல. அதான்டா தப்பு. அந்தப் படத்துல யாருக்காகவும் அவனுக்கு உட்கார்ந்திருக்கத் தோணல."

சொன்ன பிறகு அது கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது என்று அக்காவுக்குத் தோன்றியது. எழுந்துபோய், திறக்காத சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ரொட்டியைப் பிய்த்து அவன் கையில் பாதி வைத்தாள். அவன் தின்றான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆடு மாதிரி மென்றுகொண்டிருந்தார்கள்.

"அந்தக் கண்ணாடி ஷாட்ட எடு" என்றான்.

"எது? அவ இழுப்பறை தொறக்கறதா?"

"இல்ல. நாம தூக்கிப் போட்டோமே. கடைக்காரர் தனியா இருக்கறது."

அப்படி ஒரு துண்டு இருந்தது. கடைசி நாள் எடுத்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்காரர் கை கழுவுகிறார். துண்டில் விரல் விரலாகத் துடைக்கிறார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து, மூச்சு விட்டு, துடைத்து, இழுப்பறையில் மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைக்கிறார். பிறகு ஷட்டரை மேலே தள்ளி, "வாங்கம்மா" என்கிறார். ரகசியம் உடைந்தபிறகு, முன்பு நடந்ததைக் காட்டுவதற்காக எடுத்து, நீளம் என்று கழற்றிவிட்டது.

"எங்க போடறது?" என்றாள் அக்கா. பதில் அவன் வாயிலிருந்தே வரட்டும் என்று கேட்டாள்.

அவன் கையிலிருந்த கடைசி ரொட்டித் துண்டை மென்று விழுங்கினான்.

"மூணாவது சீனுக்கு முன்னாடி."

அவள் போட்டாள். அரை மணிநேரம் அங்கே இரண்டு செகண்டு கூட்டி, இங்கே ஒன்று குறைத்து. காது வந்து, கை கழுவுகிற தண்ணீருக்குச் சத்தம் வைத்துக் கொடுத்தார். "இதுக்கு மியூசிக் வேண்டாம் டைரக்டரே. குழாய் சொட்டறது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது இரண்டு தம்ளர் டீ வைத்துவிட்டுப் போனார்.

அக்கா எழுத்துகளை மறைக்கிற பொத்தானை அழுத்தினாள். ஒன்றுக்கு இரண்டு தடவை திரையின் அடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, தம்பியைப் பார்த்தாள். அவன் டீத் தம்ளரைக் கையில் எடுத்திருந்தான். குழாய் சொட்டியது. ஷட்டர் மேலே போனது. பாவப்பட்டவள் உள்ளே வந்தாள், அவன் ஆயிரம் தடவை பார்த்த அதே முகம், அதே நடை. அவன் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

நாலாவது சீன். ஐந்து. அவனுடைய ஃபோன் சோபாவில் அதிர ஆரம்பித்தது. தயாரிப்பாளர் அம்மாவின் பெயர் வெளிச்சமாக வந்தது. அவன் திரும்பவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அக்கா சத்தமில்லாமல் கையை நீட்டி, அதைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

ஏழாவது சீன் வந்தது. முதல் மூலை. இரண்டாவது மூலை. டீயில் ஏடு படிந்திருந்தது. கட்டைவிரல் நெற்றியை நீவியபோது, தம்பியின் காலடியில் இரண்டு சொட்டு டீ சிந்தியது. அவனுக்குத் தெரியவில்லை.

அக்கா மேஜைமேல் கையை மடக்கி, அதில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முழுதாகத் தூங்கும் முன், பின்னாலிருந்து அவன் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது கேட்டது.

"ஐயோ, இன்னிக்கும் போறாளே."